‘திடீர்’ என்றால் எத்தனை ஆண்டு?

கேள்வி: நான் கடலூரில் மேல்நிலை வகுப்புகளுக்கு உயிரியல் எடுக்கிறேன். சென்ற மாதம் மாணவர்களைத் திருவக்கரை கல்மரப் பூங்காவுக்கு அழைத்துப் போயிருந்தேன். அங்கே ஒரு மாணவன், “மிஸ், உயிர்கள் கொஞ்சம் கொஞ்சமாக மாறின என்கிறீர்கள். மரம் கல்லானது தெரிகிறது. ஒன்று இன்னொன்றாக மாறியபோது நடுவில் இருந்தது எங்கே?” என்று கேட்டான். ‘பங்ச்சுவேட்டட் ஈக்விலிப்ரியம்’ பற்றி எப்போதோ படித்தது நினைவுக்கு வந்தது. “பரிணாமம் எப்போதும் மெதுவாகப் போகாது. தானே புயல் ஒரே இரவில் நம் ஊரைப் புரட்டிப் போட்டதே, அதுபோலத் திடீரென்று தாவும்” என்று சொல்லிவிட்டேன். அந்த வாரமே எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியப்பா மகன் ஒரு வீடியோ அனுப்பினார். இடைப்பட்ட புதைபடிவங்கள் இல்லை என்று ஹார்வர்டு விஞ்ஞானி கூல்டே ஒப்புக்கொண்டாராம், டார்வின் தோற்றுப்போனாராம். நான் வகுப்பில் சொன்னதும் இதுவும் ஒன்றுதானோ என்று பயமாக இருக்கிறது. பிள்ளைகளிடம் இனி என்ன சொல்வது?

– ஓர் ஆசிரியை, திருப்பாதிரிப்புலியூர்

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் பயம் நியாயமானது. அந்த வீடியோவில் உள்ள தவறும் உங்கள் உவமையில் உள்ள தவறும் ஒரே இடத்தில்தான் தொடங்குகின்றன. நான் தொல்லுயிரியல் கற்பித்த முதல் சில ஆண்டுகளில் இதே தவறைக் கரும்பலகையில் படமாகவே வரைந்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் தானே புயலை எடுத்துவிடுவோம். 2011 டிசம்பர் 30 காலை அது கரையைக் கடந்தபோது பண்ருட்டிப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் சில மணி நேரத்தில் சாய்ந்தன. ‘பங்ச்சுவேட்டட் ஈக்விலிப்ரியம்’ கோட்பாட்டை முன்வைத்த தொல்லுயிரியலாளர்கள் கூல்டும் எல்ட்ரெட்ஜும் சொன்ன ‘திடீர்’ அந்த வகையைச் சேர்ந்ததில்லை. அவர்கள் பாறையைப் படித்தவர்கள். பாறை படிப்பவர் வாயில் ‘திடீர்’ என்ற சொல் வந்தால் அதற்குப் பொருள் சில ஆயிரம் ஆண்டு, சில பத்தாயிரம் ஆண்டு. கூல்ட் பின்னாளில் ஓர் அளவும் சொன்னார்: ஒரு சிற்றினம் தோன்றி மறையும் வரை உள்ள மொத்த ஆயுளில், அது உருவாக எடுத்துக்கொண்ட காலம் ஒன்றிரண்டு சதவீதமாக இருந்தால் அதைத் திடீர் என்று சொல்லலாம்.

இதை எண்ணில் போட்டுப் பார்ப்போம். ஒரு கடல் நத்தை இனம் 40 லட்சம் ஆண்டுகள் நீடித்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு சதவீதம் 40,000 ஆண்டுகள். அரிக்கமேட்டில் ரோமானிய மதுச்சாடிகள் வந்திறங்கி ஏறக்குறைய 2,000 ஆண்டுகள் ஆகின்றன. அப்படி இருபது மடங்கு காலம் அது. ஆண்டுக்கு ஒரு தலைமுறை என்றால் 40,000 தலைமுறைகள். தாத்தா நத்தைக்கும் பேரன் நத்தைக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு மெல்ல மெல்ல மாறுவதற்கு இந்த அவகாசம் தாராளம். அங்கே வேலை செய்வதும் டார்வின் சொன்ன அதே இயற்கைத் தேர்வுதான். ஆனால் அந்த 40 லட்சம் ஆண்டுகளில் பத்து மீட்டர் கனத்துக்கு வண்டல் படிந்து பாறையாகியிருந்தால், இந்த 40,000 ஆண்டுகளுக்குக் கிடைக்கும் இடம் பத்து சென்டிமீட்டர், அதாவது ஓர் உள்ளங்கை அகலம். இடையில் ஒரு வெள்ளம் அந்த உள்ளங்கை அகலத்தை அரித்துக்கொண்டு போயிருந்தால் அதுவும் இல்லை. பார்ப்பவர் கண்ணுக்குக் கீழே ஒரு நத்தை, மேலே வேறொரு நத்தை.

நம் பிள்ளைகளுக்கு இதில் தமிழே ஒரு தடையாக இருப்பதையும் சொல்ல வேண்டும். மரபணுவில் நேரும் மாற்றத்துக்குப் பாடநூலில் ‘சடுதிமாற்றம்’, ‘திடீர்மாற்றம்’ என்று பெயர். அந்தத் ‘திடீர்’ ஓர் உயிரணுவில் ஒரு கணத்தில் நடப்பது. பாறையில் தெரியும் ‘திடீர்’ நாற்பதாயிரம் ஆண்டு. ஒரே சொல் இரண்டு வேலைக்கும் வந்து நிற்பதால், திடீர்மாற்றத்தால் ஒரே தாவலில் புதிய இனம் தோன்றும் என்ற ஹியூகோ டி விரிஸின் கோட்பாட்டையும் இதையும் மாணவர்கள் ஒரே பையில் போட்டுவிடுகிறார்கள். 1940இல் மரபியலாளர் ரிச்சர்ட் கோல்ட்ஷ்மிட் வேறொன்று சொன்னார். ஒரே தலைமுறையில், ஒரு பெரிய மாற்றத்தோடு பிறக்கும் விசித்திரக் குட்டி ஒரு புதிய வகைக்கே மூதாதையாகலாம் என்பது அவர் கருத்து. ஓந்தி முட்டையிலிருந்து பறவைக் குஞ்சு வருவது போன்ற கேலிப்படங்களெல்லாம் இந்தக் கருத்தைச் சுற்றி வந்தவை. கூல்டும் எல்ட்ரெட்ஜும் 1972இல் எழுதிய கட்டுரையில் அப்படிப்பட்ட பாய்ச்சல் எதுவும் கிடையாது. ஆனால் கூல்ட் வேறொரு சமயத்தில் கோல்ட்ஷ்மிட்டுக்குப் பரிந்து எழுதினார், 1980இல் நடப்புப் பரிணாமக் கோட்பாட்டைப் பற்றி மிகக் கடுமையான சொற்களையும் பயன்படுத்தினார். குழப்பத்தில் அவர் பேனாவுக்கும் பங்கு உண்டு. அவரை மிகவும் மதிப்பவன் என்றாலும் இதை மறைக்க எனக்கு விருப்பமில்லை.

சரி, அவர்கள் என்னதான் சொன்னார்கள்? ‘பங்ச்சுவேட்டட் ஈக்விலிப்ரியம்’ என்ற பெயரைப் பாருங்கள். எல்லோருக்கும் முதல் சொல்தான் கண்ணில் படுகிறது. இரண்டாவது சொல் ‘சமநிலை’. கோட்பாட்டின் பாரம் முழுவதும் அதில்தான் இருக்கிறது. இடையிட்ட சமநிலை என்று தமிழில் சொல்லிக்கொள்ளலாம்: நெடுங்காலம் நிலைத்திருப்பது, நடுவில் எப்போதாவது ஒரு சிறு இடையீடு.

நைல்ஸ் எல்ட்ரெட்ஜ் 1960களில் முனைவர் பட்டத்துக்காக ட்ரைலோபைட் சேகரித்தார். மரவட்டை போலக் கணுக்கணுவான உடலும் கூட்டுக் கண்களும் கொண்ட, அழிந்துபோன கடல் உயிர் அது. ‘ஃபாக்கோப்ஸ் ரானா’ என்ற ஒரு வகையை நியூயார்க் மாநிலத்திலிருந்து அமெரிக்காவின் நடுப்பகுதி வரை, 38 கோடி ஆண்டுப் பழமையான பாறைகளில் தேடித் தேடி எடுத்தார். அடுக்குக்கு அடுக்கு மெல்ல மாறிக்கொண்டே வரும், அதை அளந்து எழுதிவிடலாம் என்பது அவர் நினைப்பு. அளந்தார், அளந்தார், ஒன்றும் மாறவில்லை. ஆராய்ச்சி மாணவருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். கடைசியில் கண்ணில் ஒரு வித்தியாசம் கிடைத்தது. கண்வில்லைகள் மேலிருந்து கீழாக வரிசை வரிசையாக அமைந்திருக்கும். பழைய அடுக்குகளில் 18 வரிசை, பிறகு 17, பிறகு 15. ஒவ்வொரு எண்ணும் பல லட்சம் ஆண்டுகள் அப்படியே நீடித்தது. நடுப்பகுதி மாநிலங்களில் 18 வரிசைக்காரர்கள் நெடுங்காலம் இருந்து மறைந்தார்கள், அப்புறம் 17 வரிசைக்காரர்கள் முழு உருவத்தோடு வந்து நின்றார்கள். பார்த்தால் தாவல்தான். ஆனால் நியூயார்க்கின் ஒரு கல்குவாரியில் 18க்கும் 17க்கும் இடைப்பட்டவை ஒன்றாகக் கலந்து கிடைத்தன. உங்கள் மாணவன் கேட்ட ‘நடுவில் இருந்தது’ அங்கே இருந்தது, ஒரே ஒரு மூலையில்.

ஏன் ஒரு மூலையில் மட்டும்? இதைக் கடலூரை வைத்துச் சொல்கிறேன். இது முழுக்கக் கற்பனை, வகுப்பில் சொல்லும்போதும் கற்பனை என்று சொல்லியே சொல்லுங்கள். கடல் மட்டம் உயர்ந்து கேப்பர் மலை ஒரு தீவாகிவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். சமவெளியில் கோடிக்கணக்கில் இருந்த ஒரு நத்தை இனத்தில் சில நூறு மட்டும் மலைமேல் மாட்டிக்கொள்கின்றன. அங்கே வெயில் அதிகம், நிழல் குறைவு, உணவு வேறு. கூட்டம் சிறியது, வெளியிலிருந்து கலப்பும் இல்லை. பயனுள்ள ஒரு மாற்றம் தோன்றினால் அது பெரிய கூட்டத்தில் கரைந்துபோகாமல் சில ஆயிரம் ஆண்டுகளில் கூட்டம் முழுவதும் பரவிவிடும். 30,000 ஆண்டுகளில் ஓடு தடித்து, உருவம் மாறி, பழைய நத்தையோடு இணைய முடியாத வேறொரு சிற்றினமாகிவிடுகிறது. பிறகு கடல் இறங்குகிறது. புதிய நத்தைகள் மலையிலிருந்து இறங்கி, கெடிலத்தின் கரையெல்லாம் பரவுகின்றன. கெடிலமும் பெண்ணையாறும் கொண்டுவந்து கொட்டும் வண்டலில் அவை புதைகின்றன. லட்சக்கணக்கான ஆண்டுகள் கழித்து மஞ்சக்குப்பத்தில் ஒருவர் தோண்டினால் கீழே பழைய நத்தை, மேலே புதிய நத்தை, நடுவில் எதுவும் இல்லை. நடுவில் இருந்ததெல்லாம் மலைமேல் வாழ்ந்து மலைமேலேயே செத்தவை. மலையில் வண்டல் படியாது, மழை மண்ணை அரித்துக்கொண்டுதான் போகும். அங்கே ஒரு ஓடு மிஞ்சுவதே பெரிய அதிர்ஷ்டம்.

இப்படித் தனித்துப்போன சிறு கூட்டங்களில் புதிய இனங்கள் உருவாகலாம் என்பதைப் பறவையியலாளர் எர்ன்ஸ்ட் மாயர் 1954லேயே சொல்லிவிட்டார். உயிரோடிருக்கும் பறவைகளை வைத்து அவர் சொன்னதை, ‘அப்படியானால் பாறையில் அது எப்படித் தெரியும்?’ என்று எல்ட்ரெட்ஜும் கூல்டும் கேட்டார்கள். அவ்வளவுதான் விஷயம். கூல்டின் ஆராய்ச்சியும் பெர்முடா தீவின் தரை நத்தைகளைப் பற்றியதுதான்.

இன்னொரு இடைவெளியையும் இதோடு சேர்த்துவிடாதீர்கள். புதுச்சேரிக்கு மேற்கே சேதராப்பட்டு, வழுதாவூர் பக்கம் ஏறக்குறைய 7 கோடி ஆண்டுப் பழமையான கடல் படிவுகள் உண்டு. அங்கிருந்து போன அம்மோனைட்டுகளை (சுருள் ஓடு கொண்ட, அழிந்துபோன கடல் உயிர்கள்) 1846இலேயே எட்வர்ட் ஃபோர்ப்ஸ் லண்டனில் விவரித்து எழுதியிருக்கிறார். அதே பக்கத்தில், அந்தக் கடல் படிவுகளுக்கு மேலே, திருவக்கரை மரங்கள் கிடக்கும் பாறை இருக்கிறது. அதற்கு நிலவியலில் ‘கடலூர் மணற்கல்’ என்று உங்கள் ஊர்ப் பெயர்தான். மரங்களின் வயது சுமார் 2 கோடி ஆண்டுகள். இரண்டுக்கும் நடுவே கோடிக்கணக்கான ஆண்டுகளுக்குப் படிவே இல்லை. புத்தகத்தில் பல அத்தியாயங்களைக் கிழித்துவிட்டது போல. இது பாறையின் இடைவெளி. இதைக் காட்டி ‘உயிர் தாவியது’ என்று யாரும் சொல்ல முடியாது, கூல்டும் சொல்லவில்லை. அவர்கள் பேசியது படிவு ஒழுங்காக, தொடர்ந்து கிடைக்கும் இடங்களைப் பற்றி. நல்ல படிவு இருந்தும் உயிர் மாறாமல் நிற்கிறதே, மாறாமல் இருப்பதும் ஒரு சான்றுதானே, அதை ஏன் ‘ஒன்றும் கிடைக்கவில்லை’ என்று ஒதுக்கிவைக்கிறீர்கள் என்பதுதான் அவர்கள் வாதம்.

அதனால் திருவக்கரையில் உங்கள் மாணவனுக்கு விடை கிடைத்திருக்க வழியே இல்லை. அந்த அடிமரங்களுக்கு வேர் இல்லை, கிளை இல்லை. வேறெங்கோ வளர்ந்து, வெள்ளம் புரட்டிக்கொண்டுவந்து மணலில் சேர்த்தவை. ஒரே இனத்தின் அடுத்தடுத்த தலைமுறைகள் அடுக்கடுக்காக அங்கே இல்லை. மரம் எப்படிக் கல்லாகிறது, இந்த வறண்ட நிலத்தில் எப்படிப்பட்ட காடு ஒருகாலத்தில் இருந்தது என்று கேட்டால் அந்தப் பூங்கா அழகாகப் பதில் சொல்லும். இந்தக் கேள்விக்கு அது சரியான இடமில்லை. அதை நீங்கள் அவனிடம் தாராளமாகச் சொல்லலாம்.

இனி அந்த வீடியோ.

டார்வின் தோற்றார் என்பதை எடுத்துக்கொள்வோம். சகாரன்பூர் தாவரத் தோட்டத்தின் பொறுப்பிலிருந்தவர் ஹியூ ஃபால்கனர். 1830களில் சிவாலிக் மலைகளில் யானை, நீர்யானை, ஒட்டகச்சிவிங்கி போன்றவற்றின் புதைபடிவங்களை நண்பர் காட்லியோடு தோண்டி எடுத்தவர். பனியுகத்தின் இத்தனை குளிரையும் வெப்பத்தையும் தாண்டி யானை இனங்கள் தம் உருவில் மாறாமல் நின்றிருக்கின்றனவே என்று டார்வினுக்கு அவர் சுட்டிக்காட்டினார். டார்வின் அதை அலட்சியம் செய்யவில்லை. 1866இல் வந்த தம் ‘உயிரினங்களின் தோற்றம்’ நூலின் நான்காம் பதிப்பில், இனங்கள் மாறிய காலம் ஆண்டுக் கணக்கில் நீண்டதாக இருந்தாலும் மாறாமல் இருந்த காலத்தோடு ஒப்பிட்டால் குறுகியதாக இருக்கலாம் என்ற கருத்தைச் சேர்த்தார். இது டார்வினே எழுதியது. அவருக்குப் பின் வந்த பல தொல்லுயிரியலாளர்கள் இதை மறந்துவிட்டு, எல்லாம் ஒரே சீராக நகர்ந்தாக வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். கூல்டும் எல்ட்ரெட்ஜும் மோதியது அந்த எதிர்பார்ப்போடு. இயற்கைத் தேர்வோடு இல்லை.

அடுத்தது, கூல்ட் ‘ஒப்புக்கொண்டார்’ என்பது. அவர் உயிரோடிருக்கும்போதே அவர் வரிகளை வெட்டி எடுத்து இப்படிப் பயன்படுத்தினார்கள். அது தமக்கு எவ்வளவு ஆத்திரம் தருகிறது என்று 1981இல் அவரே எழுதினார். அவர் சொன்னது இதுதான்: மிக நெருங்கிய இரண்டு சிற்றினங்களுக்கு நடுவே உள்ள படிவங்கள் பொதுவாகக் கிடைப்பதில்லை, பெரிய தொகுதிகளுக்கு நடுவே உள்ளவை நிறையவே கிடைக்கின்றன. வீடியோக்காரர்கள் முதல் பாதியை வைத்துக்கொண்டு இரண்டாம் பாதியைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். எனக்கு இதில் உண்மையிலேயே கோபம் வருகிறது. கருத்தில் வேறுபடலாம், ஒருவர் வாயிலிருந்து வந்த வாக்கியத்தைப் பாதியில் அறுத்து அவர் சொல்லாததைச் சொல்லவைப்பது அநியாயம்.

பெரிய தொகுதிகளுக்கு நடுவே என்றால் எது? பிள்ளைகளுக்கு நம் நாட்டு உதாரணமே இருக்கிறது. திமிங்கலம் தரையில் வாழ்ந்த குளம்புள்ள விலங்குகளிலிருந்து வந்தது. ஜம்மு காஷ்மீரின் காலாகோட்டில் கிடைத்த இண்டோஹையஸ் என்ற சிறு விலங்கு அந்தக் குளம்புக்காரர்களின் கிளையைச் சேர்ந்தது. ஆனால் அதன் காதெலும்பு திமிங்கலத்துடையது போலத் தடித்திருக்கிறது. பாகிஸ்தானில் கிடைத்த பாகிசீட்டஸுக்கு நான்கு கால்களும் உண்டு. கட்ச் பகுதியில் கிடைத்த கட்சிசீட்டஸ் குட்டைக் கால்களும் நீண்ட வாலுமாக நீருக்குள் வாழப் பழகிவிட்டது. இவற்றையெல்லாம் ஒரே வரிசையில் தந்தை, மகன், பேரன் என்று நினைத்துவிட வேண்டாம், பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகள் என்று நினைத்தால் சரியாக வரும். ‘நடுவில் இருந்தது எங்கே’ என்று கேட்டவனிடம் நீங்கள் முதலில் எடுத்துக் காட்ட வேண்டியது இவற்றைத்தான். அவன் கேட்டது பெரிய மாற்றத்தைப் பற்றி. நீங்கள் பதிலாக எடுத்த கோட்பாடு சிற்றினத்திலிருந்து சிற்றினம் பிரிவதைப் பற்றியது. கேள்வி ஒரு தெரு, பதில் வேறு தெரு. கேம்பிரியன் காலத்தில் உயிர்வகைகள் பெருகியதையும், டைனோசர்களை அழித்த விண்கல்லையும் இதோடு முடிச்சுப் போடுவதும் இதே வகைப் பிழைதான்.

நிலைத்திருப்பது என்றால் கல்லாய்ச் சமைந்திருப்பது என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. கலாபகஸ் தீவுகளில் பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதியர் குருவிகளின் அலகை ஆண்டுதோறும் அளந்தார்கள். 1977இல் கடும் வறட்சி. சின்ன விதைகள் தீர்ந்துபோய், கடினமான பெரிய விதைகளை உடைக்க முடிந்த தடித்த அலகுக் குருவிகள் அதிகம் பிழைத்தன. அடுத்த தலைமுறையின் சராசரி அலகு தடித்துவிட்டது. 1983இல் எல் நினோ மழை கொட்டியது. சின்ன விதைகள் பெருகின, அதன் பின் சிறிய அலகுக்காரர்கள் கை ஓங்கியது. சில ஆண்டுகளுக்குள் போயும் வந்தாயிற்று. இதைப் பாறையில் படித்தால் ‘மாற்றமில்லை’ என்றே தெரியும். தேர்வு ஒருநாளும் ஓயவில்லை, போன தூரத்தைத் திரும்பி வந்துவிட்டது. நிலைபேறு என்ற சொல்லுக்குள் இப்படிப்பட்ட ஆட்டமெல்லாம் அடங்கியிருக்கிறது. எனக்கு இந்தக் கோட்பாட்டிலேயே மிகவும் பிடித்த பகுதி இது. மாறுவதற்குக் காரணம் தேடிக்கொண்டிருந்தவர்களை, மாறாமல் இருப்பதற்கும் காரணம் தேட வைத்தது. அந்தத் தேடல் இன்னும் முடியவில்லை.

அப்படியானால் எல்லா உயிர்களும் இப்படித்தானா? கிடையாது. ஆலன் சீத்தம் என்பவர் பாசி விலங்குகளின் (நீரில் கூட்டமாக ஒட்டி வாழும் நுண்ணிய உயிர்கள்) ஒரு பேரினத்தை ஆராய்ந்தார். படிப்படியான மாற்றம் கிடைக்கும் என்று நம்பித் தொடங்கினார், 1986இல் அதற்கு நேர்மாறாக இடையிட்ட சமநிலையையே கண்டு வெளியிட்டார். அடுத்த ஆண்டே பீட்டர் ஷெல்டன் வேல்ஸில் சுமார் 15,000 ட்ரைலோபைட்டுகளை எண்ணிப் பார்த்து, எட்டு வழிமரபுகள் சுமார் 30 லட்சம் ஆண்டுகளில் மெல்ல மெல்லத்தான் மாறின என்று காட்டினார். இரண்டும் உண்மை. 2007இல் ஜீன் ஹண்ட் 250க்கும் மேற்பட்ட புதைபடிவத் தொடர்களைக் கணக்கிட்டபோது, ஒரே திசையில் சீராக நகர்ந்தவை ஏறக்குறைய 5 சதவீதம்தான். மீதியில் ஏறக்குறைய பாதி நிலைத்திருந்தவை, பாதி இலக்கில்லாமல் அங்குமிங்கும் அலைந்தவை. ஆகவே ‘மெதுவா, வேகமா’ என்று பட்டிமன்றம் வைக்காதீர்கள். எந்த உயிரில், எவ்வளவு அடிக்கடி என்று கேட்கச் சொல்லுங்கள்.

வகுப்புக்கு என்ன செய்வது என்று கேட்டீர்கள். நான் இருந்தால் இப்படித் தொடங்குவேன். பள்ளி வராந்தாவில் பத்து மீட்டர் கயிறு ஒன்றைக் கட்டுங்கள். அது 40 லட்சம் ஆண்டு. ஒரு சென்டிமீட்டருக்கு 4,000 ஆண்டு. கயிற்றின் ஒரு முனையில் பத்து சென்டிமீட்டருக்குச் சிவப்பு நூலைச் சுற்றுங்கள். அதுதான் இனம் பிறந்த ‘திடீர்’. மறு முனை இன்றைய நாள், அங்கிருந்து அரை சென்டிமீட்டர் அளந்து ஒரு புள்ளி வையுங்கள். அது அரிக்கமேடு. பிறகு திருவக்கரையில் கேள்வி கேட்ட அந்தப் பையனையே கூப்பிட்டு, தானே புயலுக்கு இந்தக் கயிற்றில் எங்கே இடம் என்று குறிக்கச் சொல்லுங்கள். அவன் பென்சில் முனை அந்த இடத்தைவிடப் பெரியதாக இருக்கும். அன்று நீங்கள் சொன்ன உவமையைத் திருத்திக்கொள்வதாக அவனிடமே அப்போது சொல்லிவிடுங்கள். மாணவர்கள் அதைக் குறையாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நான் என் வகுப்பில் செய்து பார்த்திருக்கிறேன்.